வாவிக்கு அங்கால இணையம்: வயரா, ஃபைபரா, வயர்லெஸ்ஸா?

கடையில் இருந்து பின்வளவுக்கு இணையம் எடுக்க கேட்-6 என்ற செப்பு நெட்வேர்க் வயர் போதும். எல்லை 100 மீற்றர். மலிவுச் சுருள் என்றால் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம், வாங்க வேண்டாம். தடை கூட என்பதால் அதே வயரில் கமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் கடைசியில் வோல்ட் விழும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கமரா அணைந்து அணைந்து எழும்பும். மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் உப்புக்காற்றில் வயர் நுனியில் பூட்டும் ஆர்ஜே-45 முனைகளிலும் பச்சை பிடிக்கும்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே என்றால் ஃபைபர்தான், யோசிக்கவே வேண்டாம். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. உள்ளே உலோகக் கம்பி ஓடாத கேபிளாகப் பார்த்து எடுங்கள். ஃபைபர் கேபிள் நுனியில் வரும் பச்சைத் தலையை நீலச் செருகியில் போடாதீர்கள். பச்சையின் முகம் 8 பாகை சரிவு, நீலத்தோடு ஒட்டாமல் ஒளி வீணாகும்.

வாவிக்குக் குறுக்கே வயர்லெஸ். 5.8 கிகாஹேர்ட்ஸில் 1 கிலோமீற்றர் இணைப்புக்கு, நடுவழியில் இரண்டு அன்டெனாக்களையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி அலை பரவ ஏறக்குறைய 3.6 மீற்றர் ஆர வலயம் வரும். அந்த ஆரத்தில் 60 சதவீதமாவது தடையில்லாமல் வெறுமையாக இருக்க வேண்டும். தென்னோலை உள்ளே ஆடினாலே வேகம் குதிக்கும். தண்ணீரில் தெறிக்கும் அலையும் நேரலையோடு மோதிச் சிக்னலை மங்க வைக்கும். அப்போது அன்டெனாவை உயர்த்துவதுதான் வழி என்றில்லை, சிலவேளை கொஞ்சம் இறக்கினாலே சரிவரும்.