இரண்டாம் பாகத்துக்கு வேறு நாயகன்: நாகர்கோவிலில் ஆள் எடுத்த விதம்

எங்கள் துப்பறியும் ஆக்‌ஷன் காமெடிப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு, முதல் பாகத்தின் நாயகன் கிடைக்கமாட்டார் என்று உறுதியான பிறகுதான் தேர்வு வேலை தொடங்கியது. ஆடிஷன் அறிவிப்புக்கு முன்னாலேயே பழைய படத்தை ஓடவிட்டு, பாத்திரத்துக்கு உரியது எது, நடிகருக்கு உரியது எது என்று பிரித்து எழுதினோம். பொய் சொல்பவரிடம் கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பது பாத்திரத்தின் பழக்கம். ஒற்றைப் புருவத்தைத் தூக்குவது நடிகருடையது. அதைப் புதியவரிடம் கேட்டால் மிமிக்ரிதான் வரும். இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால், யார் பழையவரை அதிகம் ஒத்திருக்கிறார் என்று மார்க் போட ஆரம்பித்துவிடுவோம்.

அனுப்பச் சொன்ன வீடியோவுக்கு நிபந்தனை குறைவு. போன் படுக்கைவாட்டில், முகத்தில் ஜன்னல் வெளிச்சம், இரண்டு நிமிடம், வெட்டு ஒட்டு கூடாது. ஒரே வசனத்தைச் சிரிக்கவைக்க ஒருமுறை, மிரட்ட ஒருமுறை. இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் அத்தோடு அவரை விட்டுவிடுவோம்.

நேரில் பார்த்தது மூச்சு. துப்பறியும் ஆக்‌ஷன் காமெடியில் ஜோக் வருவதே துரத்தல் முடிந்த அடுத்த நொடியில்தான். அதனால் நூறு மீட்டர் ஓடவிட்டு, நிற்க நேரம் கொடுக்காமல் சொல்லவைத்தோம்: "லேய், சாவி உன் பாக்கெட்டுலதான் கெடக்கு. பொறவு நான் எதுக்குலே மதிலு ஏறிச் சாடுனேன்?" 'கெடக்கு' என்றதும் ஒரு சின்ன நிறுத்தம் வேண்டும். மூச்சு வாங்கினால் அது 'எதுக்குலே'க்குப் பின்னால் போய் விழும்; சிரிப்பு போச்சு. ஜிம் உடம்பு இதற்கு உதவாது. தூத்தூர்க் கடற்கரைப் பக்கம் கால்பந்து ஆடுகிற பையன்கள்தான் தாங்குவார்கள். ஓட்டத்தில் தேறியவரை, முதல் பாகத்தில் உதவியாளாக நடித்தவரோடு உட்கார வைத்தோம். தன் முறைக்குக் காத்திருக்காமல் எதிராளி பேசுவதைக் கேட்கிறாரா என்பதே அங்கே கணக்கு. கேட்கத் தெரியாதவர் துப்பறிவாளனாக எடுபடமாட்டார்.

சண்டைத் தேர்வுக்கு ஸ்டண்ட் மாஸ்டர் கட்டாயம். தரையில் மெத்தை, முதலில் பாதி வேகம். கை முகத்துக்கு ஒரு அடி தள்ளியே போகவேண்டும். கேமரா அடிவாங்குபவரின் தோளுக்குப் பின்னால் இருந்தால் இடைவெளி மறையும், பக்கவாட்டில் வைத்தால் காட்டிக்கொடுக்கும். முட்டம் கடற்கரைப் பாறையில் வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பாசி பிடித்த பாறையில் ஒத்திகையே வேண்டாம்.

பலரும் விடுவது டப்பிங் தேர்வை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காற்றில் மைக்குக்கு உறை போட்டாலும் வசனம் தேறாது. அங்கே எடுக்கிற துரத்தல் முழுக்க ஸ்டுடியோவில்தான் பேசியாக வேண்டும். ஓடிய வீடியோவையே போட்டு, உட்கார்ந்தபடி அதே மூச்சிரைப்போடு பேசச் சொல்லுங்கள். நல்ல நடிகர்கள்கூட இங்கே வாசிப்பதுபோல ஆகிவிடுவார்கள். பேச்சுவழக்கும் இதில்தான் பிடிபடும். முதல் பாகத்தில் 'சொன்னேம்லா' என்று மாவட்டத்தின் கிழக்கே தோவாளைப் பக்கத்து வழக்கில் பேசியவன், இரண்டாம் பாகத்தில் மேற்கே கேரள எல்லையோர விளவங்கோட்டுக்காரனாக 'பறஞ்சேன்' என்றால் உள்ளூர் ஆட்கள் விடமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் மறக்கக்கூடாதவை: பேட்ச்வொர்க் (விடுபட்ட ஷாட்டுகளைப் பிறகு எடுப்பது) முடியும்வரை முடி, தாடியில் கைவைக்கக்கூடாது, சண்டை நாட்களுக்கு விபத்துக் காப்பீடு, மூன்றாம் பாகம் எடுத்தால் முதலில் இவரிடம் கேட்பது. டப்பிங் நாட்களையும் சம்பளத்தில் சேர்த்து எழுதுங்கள். எழுதாவிட்டால் படப்பிடிப்பு முடிந்த பிறகு தேதி வாங்க அலையவேண்டியிருக்கும்.