உச்சம் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது?

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்துவிட்டுத் தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் ஆகிய ஊர்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். சிறுவன் ஒருவன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் நாவலில் கதை எங்கே ஏறுகிறது, எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று கேட்டால், ஆரவாரம் மிகுந்த காட்சியையே அவர்கள் சுட்டுவார்கள். சார்லஸ் டிக்கென்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை நடத்தும்போது, பணக்காரச் சீமாட்டி மிஸ் ஹாவிஷாமின் ஆடையில் தீப்பற்றும் இடமோ தேம்ஸ் ஆற்றில் கைதி மேக்விச் பிடிபடும் இடமோதான் விடையாக வரும். இரண்டும் படபடப்பானவைதாம், ஆனால் ஒருவன் வளர்ந்த கதைக்குப் படபடப்பு அளவுகோலாகாது.

கதை ஏறி, உச்சம் தொட்டு, இறங்குவதைக் காட்ட நாம் கரும்பலகையில் வரையும் கூம்பும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஜெர்மானியரான குஸ்தாவ் ஃபிரைடாக் 1863இல் அதை வகுத்தது நாடகத்துக்காக. மேடையில் செயல் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இத்தகைய நாவலிலோ ஏறிக்கொண்டே போவது நாயகன் தன்னைப் பற்றி வளர்த்துக்கொள்ளும் எண்ணம். அது உடைந்து, இனிப் பழையபடி தன்னைப் பார்க்கவே முடியாது என்று ஆகும் இடமே உச்சம்.

டிக்கென்ஸின் நாயகன் பிப்பின் கதையில் அது 39ஆம் அத்தியாயம். கொல்லுப்பட்டறையில் வளர்ந்து லண்டனில் கனவானாகிவிட்ட அவனுக்கு அப்போது 23 வயது. புயலும் மழையுமான இரவில் படியேறி வரும் முதியவர், ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதி மேக்விச். அங்கே ஆடு வளர்த்துச் சம்பாதித்த பணத்தில் பிப்பைக் கனவானாக்கியவர் அவரே. மிஸ் ஹாவிஷாமின் பணம் என்று பிப் நம்பியிருந்தது அந்த நொடியில் பொய்யாகிறது. 59 அத்தியாயங்களை மூன்று கட்டங்களாகப் பிரித்த டிக்கென்ஸும் இரண்டாம் கட்டத்தை இங்கேதான் முடித்திருக்கிறார்.

உச்சத்தைக் கண்டபின், கதை ஏறிய வழியைப் பின்னோக்கித் தேடச் சொல்வேன்: இது தெரிந்த பிறகு, முன்பு படித்த எந்தக் காட்சி வேறு பொருள் தருகிறது? சிறுவயதில் பிப் மேக்விச்சுக்குத் திருடித் தந்த அரத்தால் மதுக்கடையில் அந்நியன் ஒருவன் பானத்தைக் கலக்கியது, கொடையாளியின் பெயரைக் கேட்கக்கூடாது என்று வழக்கறிஞர் நிபந்தனை விதித்தது ஆகியவற்றை எல்லோரும் எளிதில் சொல்லிவிடுவார்கள். 27ஆம் அத்தியாயத்தில் மட்டும் தயங்குவார்கள். அங்கே பிப்பை வளர்த்த அக்காள் கணவர், கொல்லர் ஜோ லண்டனுக்கு வருகிறார், கணப்பு மாடத்தின் விளிம்பில் வைத்த தொப்பி விழுந்துகொண்டே இருக்கிறது, தான் வளர்த்த பையனையே ‘சார்’ என்று அழைக்கிறார், பிப் கூசிப்போகிறான். வெளியே எதுவும் நடக்கவில்லை. ஆயினும் யாருடைய பணத்துக்காக இந்த ஜோவை ஒதுக்கினோம் என்ற கேள்வி பின்னால் பிப்பைத் தாக்கும்போது, நாவலின் மிகப்பெரிய ஏற்றம் அந்தச் சிற்றறையில்தான் நிகழ்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

ஒருமுறை ஒரு மாணவி, “ஐயா, நம்ம பக்கத்துப் பெரிய வீடுகளும் கடல் தாண்டி வந்த பணத்தில் கட்டியவைதானே?” என்று கேட்டாள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்களை அவள் நினைத்துச் சொன்னாள். ஒப்புமை நல்லது என்றாலும், வேறுபாடே எனக்கு அதிகம் பயன்பட்டது. இங்கே பணம் அனுப்பியவர் பெயர் பேரேட்டில் இருக்கும். அவர் படம் வீட்டுச் சுவரில் தொங்கும். பிப்புக்கோ அனுப்பியவர் யாரென்றே தெரியாது. அந்த அறியாமைதான் கதையை ஏற்றுகிறது. அது நீங்கும் இடத்தில் உச்சம் வந்துதானே ஆகவேண்டும் என்று வகுப்பே அன்று வாதிட்டது.

தேம்ஸ் காட்சியே உச்சம் என்று எழுதுகிறவர்களின் விடையை நான் அடித்துவிடுவதில்லை. பிடிபட்ட மேக்விச்சின் கை தன் கையைப் பற்றியிருக்க, பழைய அருவருப்பு முழுதும் கரைந்து பிப் அவரருகில் அமர்ந்திருப்பதைக் காட்டி வாதிட்டால் முழு மதிப்பெண் உண்டு. என் கருத்தில் அது உச்சத்தின் விளைவு என்பதை மட்டும் ஓரத்தில் குறித்துவைப்பேன். படகு மோதியதோடு நிறுத்திக்கொண்டவர்களிடம், மோதலுக்குப் பின் பிப் எங்கே உட்கார்ந்தான் என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தருவேன்.