புசல்லாவைக்கு மேலே

மே 31, ஞாயிறு
சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. மாமியின் கட்டிலை மட்டும் பூட்டினோம்.

ஜூன் 1
முதல் பஸ்ஸில் கம்பளை, அங்கிருந்து பேராதனை வழியாகக் கண்டி. என் கணவர் அதே ஏ5 வீதியில் எதிர்த்திசையில் றம்பொடை, லபுக்கலை என்று ஏறி நுவரெலியாவிலுள்ள பாடசாலைக்குப் போகிறார். இருவருக்கும் நடுவில் ஓர் ஊர் என்று பார்த்துத்தான் வந்தோம்; பகல் முழுவதும் அந்த நடுவில் இருப்பவர் மாமி மட்டுமே.

ஜூன் 5
மலையை வெட்டி எடுத்த இடத்தில் வீடு நிற்கிறது. பின்கதவைத் திறந்தால் மண்மேடு கைக்கு எட்டுகிறது, தாங்குசுவர் கிடையாது. “டித்வாவுக்கே அசையாத மேடு, பயப்படாதீங்க மிஸ்” என்றார் வீட்டுக்காரர். 2025 நவம்பரில் அந்தப் புயல் மழையில் நனைந்து ஊறிய மேடு அதன் பிறகு உறுதியாகிவிட்டதா, தளர்ந்துபோயிருக்கிறதா என்பதை அவர் எப்படி அறிவார்?

ஜூன் 6
பக்கத்து லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, அக்கா அடுப்பெரிக்க மிலாறுக் கட்டொன்றை, வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, காசு வேண்டாம் என்று போய்விட்டார். கண்டியில் மாடி வீட்டில் இருந்த காலமெல்லாம் எங்கள் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை.

ஜூன் 9
மழை.

ஜூன் 10
தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்குப்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் ஆயத்தமாக வேண்டும், 150 ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். முற்றத்தில் நேரான பால்மா டின் ஒன்றை வைத்து, அடிமட்டத்தால் அளந்து சொல்லும்படி மாமியிடம் கேட்டிருக்கிறேன். மதியம் தொலைபேசியில் “நாப்பது” என்றார். பக்கத்து மேசைக்காரி கத்தரிக்காய் விலை என்று நினைத்துக்கொண்டாள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் சரிந்ததும் காலை வேளையில்தான். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயங்கள் இருக்கவில்லை. நான் கண்டியிலிருந்து எவ்வளவு விரைந்தாலும் கம்பளையில் பஸ் மாற வேண்டும்.

ஜூன் 11
அவர் டின்னைப் பார்த்துச் சிரித்தார். இரவு பேசிக்கொள்ளவில்லை.

ஜூன் 13
வெயில். வீதி வளைவிலிருந்து கொத்மலை நீர்த்தேக்கம் முழுவதும் தெரிந்தது. துவைத்தவை எல்லாம் காய்ந்தன. இந்த வாடகைக்கு இப்படி ஓர் இடம் வேறெங்கும் கிடைக்காது என்று நானே சொன்னேன்.

ஜூன் 14
மாமி லயத்தில் பிறந்து வளர்ந்தவர். டின்னில் அவருக்கு நம்பிக்கையில்லை, மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலியில்தான். “பீலித் தண்ணி கலங்குனா, இல்லாட்டி திடீர்னு நின்னுட்டா, நான் ஒரு நிமிசம் இருக்க மாட்டேன் புள்ள” என்கிறார். மரங்கள் சாய்வதையும் தரையில் வெடிப்பு விழுவதையும் பார்க்கச் சொல்லும் மண்சரிவு அறிவித்தல்களிலும் இதே பீலிதான், வேறு சொற்களில், வருகிறது.

ஜூன் 16
டின்னில் 68. பீலியில் பிடித்த தண்ணீர் வாளியின் அடியில் செம்மண்ணாகப் படிந்திருக்கிறது. மழைக்குக் கலங்கியதாகவும் இருக்கலாம் என்கிறார் அவர், ஆனால் விடுப்புக்கு அறிவித்துவிட்டார். மாமி சேலைகளை மடித்து வைத்துவிட்டார். கிராம உத்தியோகத்தரின் தொலைபேசி ஓயாமல் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறது, நேரிலேயே போகிறேன்.