கையெழுத்துக்கு முன்

மார்ச் 3
நான் வரைந்த வீட்டு பிளானுக்கு இன்றும் கையெழுத்து வரவில்லை. சாருடைய மேனேஜர் போனை எடுக்கவே இல்லை.

மார்ச் 4
எடுத்தார். சாருக்கு பிளான் ரொம்பப் பிடித்திருக்கிறதாம், அந்த வடக்கு ஜன்னல் மட்டும் வேண்டாமாம். படுக்கையறைக்குக் கண் கூசாத வெளிச்சம் தருவது அது ஒன்றுதான்! எதிர் மாடியிலிருந்து எவனாவது லென்ஸை நீட்டிவிடுவான் என்று பயம். பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வாழ்க்கை அப்படி. கண்ணாடி மாதிரி மினுக்கும் கிளாஸ் போட்டுவிடலாமே என்றார் மேனேஜர். பகலில் சரி. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பவனுக்குத்தான் அது கண்ணாடி. ராத்திரி உள்ளே லைட்டைப் போட்டால் சார் பல் தேய்ப்பது வரை தெருவுக்குத் தெரியும் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

மார்ச் 7
தூக்கம் வரவில்லை. பால் ஆர். வில்லியம்ஸ் கட்டிய வீடுகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வயதிலேயே அப்பா அம்மா இல்லாமல் போனவர், 1923இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர், ஃபிராங்க் சினாட்ரா, லூசில் பால் என்று ஹாலிவுட்டுக்கே வீடு வரைந்தவர். பக்கத்தில் உட்கார வெள்ளைக்காரர்கள் கூச்சப்படுவார்கள் என்று, மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே தலைகீழாக வரையப் பழகிக்கொண்டாராம், எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரியும்படி. அவர் வீடு கட்டித் தந்த இடங்கள் சிலவற்றில் அவரே குடியேற முடியாது, பத்திரத்திலேயே கறுப்பினத்தவருக்குத் தடை இருந்தது. 1937இல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதினார். இறந்தது 1980. கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது 2017. நான் ஒரு கையெழுத்துக்குப் புலம்புகிறேன்.

மார்ச் 8
தலைகீழாக ஒரு மாடிப்படி வரைந்து பார்த்தேன். ஏறுகிறதா இறங்குகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 11
விருந்தாளிக்கு ஒரு வழி, குடும்பத்துக்கு ஒரு வழி, வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வழி. எதுவும் எதையும் குறுக்கிடக் கூடாது. கூட்டத்தில் பாதி நேரம் இதிலேயே போனது, சும்மா சொல்லக் கூடாது, பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் டிரைவர் தங்கும் அறைக்கு ஜன்னலே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ராத்திரி உட்கார்ந்து பிளானில் ஒரு ஜன்னல் போட்டுவிட்டேன்.

அப்புறம் ரகசிய ஒப்பந்தம். போட்டோ கூடாது, பெயர் கூடாது, எந்தத் தெரு என்று வாயைத் திறக்கக் கூடாது. புதிதாக வருபவர்கள் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் என் தம்பி வீட்டைக் காட்டுகிறேன்.

மார்ச் 12
வடக்கு ஜன்னலை எடுக்க வேண்டாம். நாலடி தள்ளி முன்னால் ஒரு சுவர், மேலே திறந்தவெளி. வெளிச்சம் இறங்கும், எதிர் மாடிக்குச் சுவர்தான் தெரியும். இதைவிட என்ன வேண்டும்?

மார்ச் 13
ட்ரோன்.

மார்ச் 16
சாருடைய மனைவி போன் செய்தார், நேரடியாக. அந்த ஜன்னல் இருக்கட்டும், இன்னும் பெரிதாகவே இருக்கட்டும் என்றார். மேனேஜருக்கு இது தெரியுமா என்று கேட்கவில்லை. நாளை எட்டு மணிக்கு சைட்டில் இரண்டு பேரும் வருகிறார்களாம், மாடலோடு வரச் சொன்னார், கூரை இன்னும் ஒட்டவே இல்லை