பொட்டுவுக்கு ஒரு வீடு

ஜூன் 3

இரவு பதினொன்றரை ஆகிவிட்டது, இப்போதுதான் தூங்கினாள். எட்டு வாரக் குட்டி. தாய் லேப்ரடார், தகப்பன் யாரென்று தெரியாது. உடம்பு முழுக்கக் கறுப்பு, நெற்றியில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளை. அதனால் பொட்டு.

தோழி வீட்டுக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் அவளுடைய சின்னவனுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. குட்டியை என் மடியில் வைத்துவிட்டு, "நீயே வச்சுக்கோயேன்" என்று அழுதாள். வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் என் நாய் கருப்பனுக்குப் பதின்மூன்று வயது, இடுப்பு மூட்டில் வலி. இன்று மாலை பொட்டு அவன் வாலைப் பிடித்துத் தொங்கினாள். அவன் உறுமக்கூட இல்லை. மெதுவாக எழுந்து, பின்காலை இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். மிச்சமிருக்கும் காலத்தில் அவனுக்குத் தன் இடத்தில் நிம்மதியாகப் படுக்க வேண்டும். அவளுக்கு விளையாட ஆள் வேண்டும். அதனால் அவளுக்கு வேறு வீடு பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 5

கால்நடை மருத்துவரிடம் போனோம். எடை மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. குடற்புழு மருந்து கொடுத்து, முதல் தடுப்பூசியும் போட்டார். நான்கு வாரம் கழித்து அடுத்தது. பதினாறு வாரம் ஆகும்வரை தவணை தவறக்கூடாதாம். குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதனால் தெருவில் இறக்கிவிடாதீர்கள் என்றார். அதே மூச்சில், ஏறக்குறைய பதினான்கு வாரத்துக்குள் பார்த்துப் பழகியதைத்தான் நாய் பிற்பாடு பயப்படாமல் ஏற்கும், வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்காதீர்கள் என்றார்.

இரண்டும் எப்படி முடியும் என்று கேட்டேன். "தூக்கிக்கிட்டு நடங்க."

நடந்தேன். ஹெல்மெட் போட்டவர், குடை, சக்கர நாற்காலி, பந்து விளையாடும் பிள்ளைகள். லாரி ஒன்று பக்கத்தில் ஹாரன் அடித்தபோது அவள் இதயம் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. நான் நகரவில்லை, அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் மூக்கை நீட்டி, லாரி போன திசையில் மோப்பம் பிடித்தாள்.

அவசரம் எதில் என்று இன்றுதான் புரிந்தது. இந்தப் பதினான்கு வாரத்தில் ஒரு பகுதியாவது அவள் வாழப்போகிற வீட்டில் கழிய வேண்டும். அதற்காக யாராவது கேட்டவுடன் கொடுத்துவிடவும் முடியாது.

ஜூன் 9

விளம்பரம் எழுதினேன். முதலில் எழுதியதை அடித்துவிட்டேன், "அழகான, அமைதியான குட்டி" என்று வந்திருந்தது. அமைதியா? கை, கால், செருப்பு எல்லாவற்றையும் கடிக்கிறாள். ஊசி மாதிரி பற்கள். இரவில் இரண்டு முறை எழுந்து வெளியே தூக்கிப் போக வேண்டியிருக்கிறது. அதையெல்லாம் எழுதினேன். தகப்பன் தெரியாது, எவ்வளவு பெரிதாக வளர்வாள் என்று சொல்ல முடியாது என்பதையும் எழுதினேன். "இலவசம்" என்ற சொல்லை மட்டும் போடவில்லை. அதைப் பார்த்து வருகிறவர்களில் யோசிக்காமல் வருகிறவர்களே அதிகம் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

படம் எடுக்கத்தான் பாடு. கறுப்புக் குட்டி, வெளிச்சம் இல்லாத இடத்தில் வெறும் நிழலாக விழுகிறாள். ஜன்னல் ஓரம் உட்காரவைத்த பிறகே கண் தெரிந்தது.

ஜூன் 14

ஐந்து நாளில் ஒன்பது அழைப்பு.

எல்லோரும் முதலில் கேட்டது "என்ன பிரீட்?" லேப் கிராஸ் என்றால், "அப்ப லேப் மாதிரி இருக்குமா?" இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கிராஸ் குட்டியின் முகத்தைப் பார்த்து இன்ன இனம் என்று தேர்ந்தவர்களே தவறாகச் சொல்கிறார்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு இரண்டு தகப்பன்கள்கூட இருக்க முடியும்.

ஒருவர் பண்ணைக் காவலுக்குக் கட்டிப்போட வேண்டும் என்றார். முடியாது என்றேன். இன்னொருவர் மகளின் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாராம். நல்ல மனிதர்தான். வீட்டில் எல்லோரும் வந்து ஒருமுறை பாருங்கள் என்றேன், அப்புறம் கூப்பிடவில்லை.

ஜூன் 17

இன்று வந்த தம்பதியை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது. இளம் வயது, தரையில் உட்கார்ந்து அவள் தானாக வரும்வரை காத்திருந்தார்கள். பிடித்து இழுக்கவில்லை. இருவருக்கும் வேலை, காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஆறு. பத்து வாரக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஒன்பதரை மணி நேரம் தனியாக இருந்தால் அழுவாள், அழுது ஓய்ந்து தனிமைக்கே பயந்துபோவாள். சொன்னேன். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "பெரிய நாயா எடுத்தா சரிப்படுமாங்க?" என்று கேட்டார். வளர்ந்து நிதானமான நாய் என்றால், நடுவில் ஒருவர் வந்து பார்த்துக்கொண்டால், நிச்சயம் சரிப்படும் என்றேன். காப்பகத்தில் கேட்டுப் பார்க்கிறோம் என்று போனார்கள். கதவு சாத்தியபின் பொட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 24

ஓர் அக்காவும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அக்காவுக்கு வீட்டிலிருந்தே வேலை. அவர்கள் வளர்த்த நாய் போன வருடம் இறந்துவிட்டது.

நான் கேட்க வைத்திருந்ததைவிட அதிகமாக அவர்கள் கேட்டார்கள். எதற்குப் பயப்படுவாள்? சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுவாளா? மலம் எப்படிப் போகிறாள்? கருத்தடைக்கு எத்தனை மாதத்தில் டாக்டரிடம் பேசலாம்? பொட்டு அம்மாவின் விரலைக் கடித்தாள். அம்மா கத்தவில்லை. கையைத் தளர்த்தி, துணிப் பொம்மையை வாயில் கொடுத்தார். அப்புறம் என்னிடம், "எனக்கு எழுபது வயசு. இவ பெரிசாகி இழுத்தா நான் கூட்டிப் போக முடியாது. நடத்திப் போறது மக பொறுப்புன்னு பேசிட்டுத்தான் வந்தோம்" என்றார்.

ஜூன் 28

அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். கேட்டுக்குக் கீழே பொட்டுவின் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி. தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். மதில் ஓரம் அரளிச்செடி, அதன் இலை, பூ எல்லாமே நாய்க்கு விஷம். தயங்கித்தான் சொன்னேன். அக்கா ஒரு தாளில் குறித்துக்கொண்டார். இரவே படம் வந்தது. கேட்டுக்கு அடியில் பலகை அடித்திருக்கிறது, அரளி இருந்த இடத்தில் குழி.

ஜூலை 3

இரண்டாவது தடுப்பூசி. அடையாள எண் உள்ள மைக்ரோசிப்பும் தோலுக்கடியில் வைத்தாயிற்று. பதினைந்து இலக்க எண், அக்காவின் பெயரிலேயே நேரடியாகப் பதிந்தோம். வேறு பெயரில் கிடந்தால் தொலைந்த நாயைக் கண்டுபிடித்தும் பயனில்லை.

கருப்பன் இன்று தானாக வந்து அவளை ஒருமுறை முகர்ந்தான்.

ஜூலை 6

கொடுத்துவிட்டேன்.

ஊசி அட்டை, ஒரு வாரத்துக்கு அவள் தின்று பழகிய தீனி, அவள் வாசனை போகாத, துவைக்காத துண்டு. தீனியை ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னேன், சட்டென்று மாற்றினால் வயிறு கெடும். முதல் மூன்று நாள் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் வாந்தியோ ரத்தமோ கண்டால் அன்றே டாக்டரிடம் போங்கள் என்றேன். ஒத்துவராவிட்டால் என்னிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எத்தனை வருடம் கழித்து வந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

அவர்கள் வண்டியில் ஏறும்வரை நன்றாகத்தான் இருந்தேன்.

ஜூலை 9

நேற்றிரவும் அழுதாளாம். அக்கா அவள் கூடைக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, கையை உள்ளே விட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார். துண்டின் நுனியைச் சப்பிக்கொண்டே தூங்குகிறாளாம். இங்கேயும் அப்படித்தான் தூங்குவாள். அதை நான் சொல்ல மறந்திருந்தேன்.

ஜூலை 30

இன்று பதினாறு வாரம். காலையில் அக்காவிடமிருந்து படம். அம்மாவின் உள்ளங்கையில் அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக ஏதோ. பெரிதாக்கிப் பார்த்தேன், முன்வரிசைப் பால் பல். இருபத்தெட்டில் முதலாவது. பெரும்பாலான குட்டிகள் அதை விழுங்கிவிடும், யாரும் பார்ப்பதில்லை. இது துண்டில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அம்மா அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்.