பெயரில்லாத கார்பன் ஃப்ரேமில் சைக்கிள் கோத்த ஏழு வாரம்

ஃப்ரேமில் எந்தப் பெயரும் கிடையாது, முழுக்க மேட் கறுப்பு. வேலூர் சத்துவாச்சாரியில் விடியற்காலை கிளம்பும் எங்கள் குழுவில் வாரத்துக்கு ஒருவராவது "இது எந்த கம்பெனி, எவ்வளவு ஆச்சு, நானும் வாங்கலாமா" என்று கேட்கிறார்கள். ரோட்டோரம் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் பெட்டி வீட்டில் வந்து இறங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம், அதில் பாதி அளவெடுக்கிற வேலை.

சீனாவில் ஷியாமென் பக்கம் கார்பன் ஃப்ரேம் செய்கிற பட்டறைகள் நிறைய. அவர்களிடம் சொந்த அச்சு இருக்கும், அதில் செய்ததை யார் வேண்டுமானாலும் வாங்கி மேலே தன் பெயரைப் போட்டு விற்கலாம். பெயர் போடாமல் நேரடியாக வாங்கினால் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு வரும். விளம்பரத்தில் டோரே டி700, டி800 என்று போட்டிருப்பார்கள். டோரே ஜப்பான் கம்பெனி, அந்த எண்கள் அவர்கள் செய்யும் இழையின் ரகம். ஆனால் ஃப்ரேமுக்குள் என்ன இழை இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியில்லை, தவிர இழையை எந்தத் திசையில் எத்தனை அடுக்கு போட்டார்கள் என்பதுதான் பலத்தைத் தீர்மானிக்கிறது. நான் அந்த எண்ணை விட்டுவிட்டு, சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை இருக்கிறதா என்றுதான் கேட்டேன். கேட்ட மூன்று விற்பனையாளர்களில் ஒருவர் மட்டும் நான் கேட்ட மாடல் பெயரோடு அறிக்கை அனுப்பினார். அவரிடமே வாங்கினேன்.

பார்சலில் விலையைக் குறைத்துப் போடட்டுமா, வரி மிச்சமாகும் என்று அவரே கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது தப்பு, அதோடு வழியில் உடைந்தால் குறைத்துப் போட்ட விலைக்குத்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும். டீரெய்லியர் ஹேங்கர் மட்டும் மூன்று சேர்த்து வாங்கினேன். பின் கியரைத் தாங்குகிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு வடிவம், சைக்கிள் ஒருமுறை வலது பக்கம் சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடும், வேலூரில் எந்தக் கடையிலும் அதற்கு மாற்று கிடைக்காது. அப்புறம் சென்னைச் சுங்கத்தில் ஒன்பது நாள். ஆதார் கேட்டு மெயில் வந்தது, அனுப்பினேன், வரி கட்டினேன், வந்து சேர்ந்தது.

பெட்டியைப் பிரித்ததும் சமையலறைத் தராசில் வைத்தேன், பெயின்ட்டோடு 1,090 கிராம். எடையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு குழாயாக, அங்குல அங்குலமாக, மெல்லத் தட்டிக் கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் டக் டக் என்று கணீரென்று கேட்கும், அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் மொத்தையாக அமுங்கிவிடும். குழாய்கள் சேருகிற இடங்களில் கார்பன் தடிமனாக இருக்கும், அங்கே சத்தம் மாறுவது இயல்புதான், அதனால் இடது பக்கம் தட்டியதும் அதே இடத்தை வலது பக்கமும் தட்டி ஒப்பிட வேண்டும். ஃபேனை நிறுத்திவிட்டு ராத்திரி பத்து மணிக்குமேல் தட்டினேன். அடுத்து செல்போன் டார்ச்சை வைத்து ஃப்ரேமின் முன்பக்க ஹெட் ட்யூபுக்குள்ளும், அதில் நுழைகிற முன்சக்கர ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாய்க்குள்ளும் பார்த்தேன். உள்ளே பழைய நைலான் பை ஒன்று கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அச்சுக்குள் காற்று ஊதி அழுத்தப் பயன்படுத்துகிற பை அது, இருந்தால் பயமில்லை, உரித்து எடுத்துவிட்டேன். பயப்பட வேண்டியது சுருக்கம். இழை மடிந்து சுருங்கியிருந்தால் அந்த இடம் பலவீனம், ஸ்டீரரிலோ ஃபோர்க்கின் தலைப்பகுதியிலோ பெரிய சுருக்கம் தெரிந்தால் தயவுசெய்து அதை மாட்டாதீர்கள். ஃபோர்க் முறிந்தால் முகம் நேராகத் தரையில்தான். எனக்கு வந்ததில் அப்படி எதுவும் இல்லை.

பஜார் பக்கம் ஒரு பாய் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், என் அப்பா காலத்துக் கடை. சக்கரக் கோட்டம் எடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஃப்ரேமை ஒரு விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, இது பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, என் ஸ்பேனர் பட்டா தாங்குமா?" என்று கேட்டார். கை அழுத்தத்தில் இறுக்கிப் பழகியவரின் நியாயமான கேள்வி அது. கார்பனில் அளவு தாண்டி இறுக்கினால் மரை கழலாது, குழாய் நசுங்கி விரிசல் விடும், அதுவும் பெயின்ட்டுக்கு அடியில். அதனால் முதலில் வாங்கியது டார்க் ரென்ச், வைத்த அளவுக்கு இறுகியதும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர். ஹேண்டில் பாரைப் பிடிக்கிற ஸ்டெம்மின் போல்ட் 5 நியூட்டன் மீட்டர், சீட் கிளாம்ப் 5, அதற்குமேல் ஒரு சுற்றும் கிடையாது. அந்த இறுக்கத்தில் சீட் போஸ்ட் வழுக்காமல் இருக்க, கிரீஸுக்குப் பதிலாக மணல் மாதிரி நெறுநெறுக்கும் கார்பன் பேஸ்ட் தடவ வேண்டும். கிளிக் என்று சத்தம் வந்ததும் கையை எடுக்க பாய் இரண்டாம் நாளே பழகிவிட்டார்.

ஸ்டீரர் குழாயை வெட்டுவதுதான் மனம் பதைத்த வேலை. வெட்டினால் ஒட்ட முடியாது. ஸ்பேசர், ஸ்டெம் எல்லாம் கோத்து, ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து பார்த்து, ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் மறுபடி அளந்தேன். இன்ச்சுக்கு 32 பல் உள்ள ஹாக்சா பிளேடு, பழைய ஸ்டெம் ஒன்றை வழிகாட்டியாக மாட்டி, வெட்டுகிற இடத்தைச் சுற்றி டேப், மேலே தண்ணீர் சொட்டிக் கொண்டே இருந்தது. முகத்தில் என்95 மாஸ்க். கார்பன் தூள் நுரையீரலுக்குப் போனால் நல்லதில்லை, தோலில் பட்டாலே முள் மாதிரி அரிக்கும், அதனால் கொல்லைப்புறத்தில் வைத்து அறுத்துவிட்டு, கறுப்புத் தண்ணீரை ஈரத்துணியில் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போட்டேன். விளிம்பை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, மெல்லிய சூப்பர் குளூ ஒரு கோடு. இன்னொன்று, ஃபோர்க்குக்குள் அடிக்கிற ஸ்டார் நட் கார்பனுக்கு ஆகாது, உள்ளே கீறிவிடும். விரிந்து பிடிக்கிற எக்ஸ்பாண்டர்தான் போட வேண்டும், அதுவும் ஸ்டெம் பிடிக்கிற உயரம் முழுக்க உள்ளிருந்து தாங்குகிற நீளத்தில்.

கியரும் பிரேக்கும் சென்னை நண்பர் ஒருவர் ஓட்டிக் கழற்றிய ஷிமானோ 105, 11 ஸ்பீடு, ஹைட்ராலிக் டிஸ்க். பிரேக் ஹோஸை ஃப்ரேமுக்குள் இழுக்கத் தையல் நூலை உள்ளே விட்டு மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்தேன், நூல் வந்துவிட்டது, அதைப் பிடித்து ஹோஸை இழுத்தேன். அரை மணி நேரம்.

சரி, கோத்து முடித்து ஓட்டினேன். 300 கிலோமீட்டர் அருமை. அமிர்தி ரோட்டில், கணியம்பாடி தாண்டி, எழுந்து நின்று மிதித்தபோது வலது பெடல் இறங்கும் ஒவ்வொரு தடவையும் டிக் என்று ஒரு சத்தம். பெடலைக் கழற்றி கிரீஸ் போட்டேன், சீட் போஸ்ட்டைக் கழற்றினேன், சக்கர அக்சிலைத் துடைத்தேன். போகவில்லை. கடைசியில் பாட்டம் பிராக்கெட், சுருக்கமாக பிபி, பெடல் அச்சு சுழல்கிற பேரிங் உட்காரும் இடம். நான் வாங்கியது பிபி86, மரை இல்லாத ரகம். 41 மில்லிமீட்டர் துளைக்குள் பேரிங் கப்பை அழுத்தி ஏற்றுவார்கள், அவ்வளவுதான் பிடிமானம். துளை முழு வட்டமாக இல்லையென்றாலோ இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றாலோ கப் உள்ளே நுண்ணியதாக அசையும், சத்தம் போடும், பேரிங் சீக்கிரம் தேயும்.

ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு போனேன். மாஸ்டர் வெர்னியரை ஒதுக்கிவிட்டு போர் கேஜை எடுத்தார், துளைக்கு அதுதான் சரியாம். இடது பக்கம் எந்தத் திசையில் வைத்தாலும் 41.00. வலது பக்கம் நெடுக்கில் 41.02, குறுக்கில் 41.13. முள் நகர்வதை நானே பார்த்தேன். கடைந்து சரி செய்யலாமா என்று கேட்டதற்கு, "இரும்புன்னா கடைஞ்சு புஷ் போட்டுத் தரேன் தம்பி. இதுல கை வைக்க மாட்டேன், அடுக்கு அறுந்துடும்" என்று சொல்லிவிட்டார். காசு கிடைக்கிறதே என்று கை வைக்காதவர், அவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். வழி வேறு இருந்தது. இரண்டு கப்பும் நடுவில் ஒன்றோடொன்று மரையில் இறுகுகிற மாதிரி ஒரு பிபி வருகிறது. அப்போது இரண்டு பேரிங்கையும் நேர்கோட்டில் பிடித்து வைப்பது அப்படி இறுகி ஒரே குழலாகிற கப்புகள்தான், ஃப்ரேமின் துளை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அசைவு நின்றுவிடும். 3,400 ரூபாய். மாட்டிய அன்றே சத்தம் போயிற்று, இன்றுவரை வரவில்லை.

இன்னொரு தடவை வாங்கினால் மரை வைத்த பிஎஸ்ஏ ஃப்ரேம் மட்டும்தான் வாங்குவேன், 50 கிராம் கூட இருந்தாலும் பரவாயில்லை. வலது கப் ரிவர்ஸ் மரை என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் பாயே பத்து நிமிஷத்தில் மாட்டிவிடுவார்.

கணக்கு: ஃப்ரேம், ஃபோர்க், சீட் போஸ்ட் வரியோடு 46,000. மொத்த சைக்கிள் 1,08,000, இதில் டார்க் ரென்ச் முதல் போர் கேஜ் கூலி வரை அடக்கம். சக்கரத்துக்கு அலுமினியம் ரிம்தான், அதில் மிச்சமான காசை நல்ல டயரில் போட்டேன். முதல் முறை கோக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன், பெயரில்லாத கார்பன் ஹேண்டில் பாரும் ஸ்டெம்மும் வேண்டாம், தெரிந்த கம்பெனி அலுமினியம் போடுங்கள்.

போன மாதம் ஏலகிரி போனேன். கிளம்புமுன் சீட் போஸ்ட்டில், கிளாம்ப்பை ஒட்டினாற்போல், வெள்ளை இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றினேன், போஸ்ட் வழுக்கி இறங்கினால் டேப் கிளாம்ப்பில் மோதிச் சுருங்கித் தெரிந்துவிடும். பொன்னேரியில் இருந்து 14 கொண்டை ஊசி வளைவும் உட்கார்ந்தும் நின்றும் ஏறினேன், கேட்டதெல்லாம் என் மூச்சும் செயினும்தான். இறங்கும்போது நாலு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி பிரேக் டிஸ்க் ஆறும்வரை நின்றேன். கீழே டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முதலில் குனிந்து பார்த்தது அந்த டேப்பைத்தான். சுற்றிய இடத்தில் சுற்றியபடியே, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது.