முகம் கடைசியில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் குடியிருப்பின் பொது மண்டபமான பாலாய் ராயாவில், சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குக் களிமண் வகுப்பு நடத்துகிறேன். பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியில் நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு படிக்கிறவர்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட அண்ணன் அக்காக்கள் சிலரும் தம்பி தங்கையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அகல்விளக்கு, சின்னப் பானை எல்லாம் ஏற்கெனவே செய்து பழகிய கைகள். இந்த முறை மனித உருவம் செய்யலாம், அதையும் நவீன சிற்பிகளைப் பார்த்துச் செய்யலாம் என்று இறங்கினோம். என்ன நடந்தது, எது சரியாக வந்தது, எது உடைந்தது என்று எழுதி வைக்கிறேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மண் பிசைகிற வேறு யாருக்காவது உதவும்.

முதல் வகுப்பில் படம் எதையும் காட்டவில்லை. "ஒரு ஆளைச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னேன். ஏறக்குறைய எல்லாருமே உருண்டை பிடித்து முகத்தில்தான் ஆரம்பித்தார்கள். ஈர்க்குச்சியால் கண், கிள்ளி எடுத்த மூக்கு, வரிசையாகப் பல். ஒருத்தி வீட்டுக்கு ஓடிப்போய் இடியாப்ப அச்சைக் கொண்டுவந்து, மண்ணைப் பிழிந்து கூந்தல் வைத்தாள், அழகாகவே இருந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே எல்லாப் பொம்மைக்கும் ஒரே உடம்பு. ஒரு உருளை, அதில் ஒட்டிய நாலு குச்சி. எந்த ஆளும் நடக்கவில்லை, குனியவில்லை, எதையும் தூக்கவில்லை.

பிள்ளைகள் பார்த்து வளர்ந்த சிலைகள் கோயில் சிலைகள். பத்துமலையில் 42.7 மீட்டர் உயரத்தில் நிற்கிற முருகனையும் கோபுரத்துச் சுதை உருவங்களையும் பார்த்தால் முதலில் முகம்தான் நம்மை இழுக்கும். அதை ஏன் மாற்ற வேண்டும் என்று நானே யோசித்துக்கொண்டிருந்தபோது, வழி ஒரு பையனிடமிருந்து வந்தது. அவன் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் திருப்பணி நடந்தபோது நாள் முழுக்க அங்கேயே கிடந்தவன். "கோயில்ல கண்ணு கடைசியாத்தான் டீச்சர் திறப்பாங்க" என்றான். உண்மைதானே. ஸ்தபதி உடம்பு முழுவதையும் முடித்து, நிலையும் கையும் காலும் சரியாக அமைந்த பிறகுதான் கண் திறப்பார். அன்றைக்கே வகுப்பின் விதியாக அதை வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டோம்: முகம் கடைசியில். உடம்பைப் பார்த்தே ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் முகம் வைக்காமலே விட்டுவிடலாம்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம். எங்களுக்குப் பக்கத்தில் கோலகங்சார். பேராக் ஆற்றின் அக்கரையில் சாயோங். சுரைக்காய் வடிவத்தில் கறுப்பாகச் செய்யும் லாபு சாயோங் தண்ணீர்ச் சாடிக்குப் பேர் போன இடம். சுட்ட சூட்டோடு நெல் உமியில் புதைப்பதால் வருவது அந்தக் கறுப்பு. அங்கே மண்பாண்டம் செய்கிறவர் ஒருவரிடம் பக்குவப்படுத்திய மண் வாங்கினோம். அது போதாமல், தோட்டத்து ஓடைக்கரையிலும் தோண்டினோம். ஓடை மண்ணை முதலில் நன்றாகக் காயவிட்டு உடைத்து, பிறகு ஊறவைப்பது நல்லது. காய்ந்த கட்டி தண்ணீரில் தானாகவே கரைந்துவிடும். பச்சை மண்ணைப் போட்டால் கட்டி கட்டியாக அப்படியே கிடக்கும். கரைந்ததைப் பழைய வேட்டியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சாக்கு விரித்த சிமெண்டுத் தரையில் கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டோம். வெறும் நயமான மண் காயும்போது அதிகமாகச் சுருங்கி வெடிப்பு விடும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு செங்கல் பொடியும் மெல்லிய மணலும் சேர்த்துப் பிசைந்தோம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன்: வகுப்பு முடிந்ததும் தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா உண்டு. அது பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகக் கூடாது.

முதல் சிற்பியாக அல்பெர்ட்டோ ஜியாகொமெத்தியை எடுத்தேன். 1901இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிசில் வேலை செய்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெனீவாவில் இருந்தபோது, நினைவிலிருந்து செய்யச் செய்ய அவருடைய உருவங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. 1945இல் பாரிசுக்குத் திரும்பியபோது அவற்றைத் தீப்பெட்டிகளில் வைத்து எடுத்துச் சென்றார் என்பார்கள். இதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொடுத்தேன். அதற்குள் அடங்குகிற ஒரு ஆளைச் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் மற்றவர்கள் அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

தீப்பெட்டிக்குள் அடங்கும் ஆளுக்குக் கண் மூக்கு வைக்க இடமே கிடையாது. வேறு வழியில்லாமல் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் கவனம் போனது. காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நிற்கிற ஆள், பள்ளிப் பை முதுகை இழுக்கிற தங்கச்சி, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற அக்கா. பார்த்தவர்கள் டக்டக்கென்று சொன்னார்கள். கடைக்கார அண்ணனை அவருடைய வயிற்றை வைத்தே கண்டுபிடித்தார்கள். இந்தப் பயிற்சியை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். மண் கொஞ்சம்தான் வேண்டும், ஒரு காலைப் பொழுது போதும், வெட்கப்படுகிற பிள்ளைகூடச் செய்துவிடும்.

அடுத்து ஜியாகொமெத்தியின் 1960ஆம் ஆண்டு நடக்கும் மனிதன். ஆள் உயர வெண்கலம். உடம்பு சுள்ளியாக இருக்கும், பாதம் மட்டும் கனமாகத் தரையில் ஒட்டியிருக்கும். கூடவே பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் நடக்கும் மனிதனையும் காட்டினேன். அதற்குத் தலையும் இல்லை, கைகளும் இல்லை. "தலை எங்க டீச்சர்?" என்று சத்தம் எழுந்தது. "தலை இல்லாம நடக்கறானா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றேன். நடக்கிறான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஜியாகொமெத்தி மாதிரி ஒல்லியாக நிறுத்த உள்ளே கம்பி வேண்டும். அவரும் கம்பிக்கூட்டின் மேல்தான் களிமண்ணை அப்பினார். பிறகு அச்செடுத்துப் பிளாஸ்டரிலும் வெண்கலத்திலும் வார்த்தார்கள். நமக்கு வார்ப்பு கிடையாது. கம்பி சுருங்காது, மண் சுருங்கும். அதனால் கம்பியைச் சுற்றிக் காயும் மண் கட்டாயம் வெடிக்கும். ஊறவைத்து அரைத்த பழைய செய்தித்தாள் கூழை மண்ணோடு கலந்து அப்பியதில் வெடிப்பு வெகுவாகக் குறைந்தது. இவற்றைச் சூளைக்கு அனுப்பவில்லை, காயவைத்ததோடு சரி. மழை படாமல் உள்ளே வைத்தால் நிற்கும்.

அந்த வரிசையில் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது ஒரு ஐந்தாம் ஆண்டுப் பையனின் வேலை. அவன் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவர். உயர்ந்த மரத்துக்கு நீண்ட அலுமினியக் கம்பின் முனையில் அரிவாள் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே இழுக்க வேண்டும். பையன் இரண்டு காலையும் அகட்டி வைத்து, உடம்பைப் பின்னால் வளைத்து, கையில் ஈர்க்குச்சியைச் செருகியிருந்தான். தலை முழுக்க மேலே திரும்பியிருந்ததால் முன்னாலிருந்து பார்த்தால் தாடை மட்டும்தான் தெரியும். "அப்பா குலை அறுக்கறப்ப மூஞ்சிய யாரும் பார்க்க முடியாது டீச்சர். மேலயே பார்த்துக்கிட்டு இருப்பாரு" என்றான். அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க அன்று ஒன்றும் மிச்சமில்லை.

சென்னை மெரினா கடற்கரையில் இருக்கும் உழைப்பாளர் சிலையை அடுத்துப் பார்த்தோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் திறக்கப்பட்டது. நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்புகிறார்கள். படத்தைக் காட்டியதோடு விடவில்லை. மண்டபத்து நீளப் பெஞ்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நான்கு பேரைத் தள்ளச் சொன்னேன். மற்றவர்கள் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். குதிகால் எங்கே தூக்கியிருக்கிறது, எந்த முழங்கால் மடங்கியிருக்கிறது, தோள் உயரமா இடுப்பு உயரமா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தள்ளினார்கள். முதுகைக் கொடுத்துத் தள்ளிய பெண்ணைத்தான் பிறகு அதிகம் பேர் மண்ணில் செய்தார்கள்.

இதில் வேலை நுணுக்கத்திலும் ஒரு வசதி கண்டேன். தள்ளுகிற உருவம் பாறை மேல் சாய்ந்தே நிற்பதால் உள்ளே கம்பி தேவையில்லை. கை பாறையைத் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண் குழம்பு தடவி அழுத்திவிட்டால் காய்ந்த பிறகும் பிரியாது. கீறாமல் வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டிய கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இந்தப் பாடத்தை வாயால் எத்தனை முறை சொன்னாலும், ஒரு கை விழுந்த பிறகுதான் பிள்ளைகள் கீறத் தொடங்குகிறார்கள்.

ஹென்றி மூருக்குத்தான் அதிக நாள் கொடுத்தேன். இங்கிலாந்தில் காசில்ஃபோர்ட் என்ற நிலக்கரி ஊரில் 1898இல் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். படுத்திருக்கும் பெண் உருவங்களை வாழ்நாள் முழுக்கச் செய்தார். முழங்கால் குன்றாக எழும்பும், உடம்பில் ஓட்டை விழுந்து அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். கூழாங்கல், எலும்பு, சிக்கிமுக்கிக் கல் என்று பொறுக்கி வைத்து அவற்றிலிருந்து உருவம் கண்டவர். சரி, நாமும் பொறுக்குவோம் என்று ஓடைக்குப் போய்க் கல் பொறுக்கினோம். சமையலறையிலிருந்து கோழி எலும்பு கழுவிக் காய்ந்து வந்தது. கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே வளைவில் படுத்திருக்கும் ஒரு ஆளைச் செய்வது பயிற்சி.

ஓட்டை போடுவதற்கு முதலில் கை வரவில்லை. நல்ல உடம்பை ஏன் குடைய வேண்டும் என்ற தயக்கம். "விரலால உள்ள தள்ளி அந்தப் பக்கம் வாங்க" என்றதும் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். அதன் பிறகு எல்லாரும் ஓட்டை போட்டு, நடுவில் மிஞ்சிய மண் மெலிந்து சில உருவங்கள் இரண்டாகிவிட்டன. ஓட்டைக்கு மேலே இருக்கிற பாகத்தைத் தாங்க எவ்வளவு மண் வேண்டும் என்பது கைக்குத் தெரிய கொஞ்ச காலம் ஆகும்.

மூர் சிறுவனாக இருந்தபோது வாதத்தால் அவதிப்பட்ட அம்மாவின் முதுகில் தைலம் தேய்த்துவிடுவார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1957இல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவத்தைச் செய்துகொண்டிருந்தபோது, தன் கை அந்த முதுகையே திரும்பச் செய்துகொண்டிருப்பதை உணர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, "வீட்டுல யாருக்காவது முதுகு தேய்ச்சு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். கைகள் சரசரவென்று எழுந்தன. பாட்டிக்கு, தாத்தாவுக்கு, அம்மாவுக்கு. கோடாலித் தைலம், நல்லெண்ணெய் என்று ஒரே பேச்சு. எங்கள் பாட்டிமார்களில் பலர் ரப்பர் சீவியவர்கள். விடியுமுன், பால் நன்றாக ஓடும் குளிர்ந்த நேரத்தில், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் குனிந்து எழுந்த முதுகுகள் அவை.

அன்றைக்கு முதுகு மட்டும் செய்தோம். தலை இல்லை, கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தேய்த்துவிடும்போது கட்டைவிரல் எங்கே எலும்பைத் தொடும், எங்கே பள்ளத்தில் இறங்கும் என்று நினைத்து மண்ணை அழுத்தச் சொன்னேன். மண்டபம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. தோள்பட்டை ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்த முதுகு ஒன்று வந்தது. செய்தவள், பாட்டி ஒரே தோளில் பால் வாளி தூக்கியதால் அப்படி என்றாள். பாட்டி பிறகு வந்து பார்த்தார். தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இறக்கணும் கண்ணு" என்று திருத்தமும் சொன்னார். இந்த முழுத் தவணையில் எனக்கு மிகவும் பிடித்த உருவங்கள் இந்த முதுகுகள்தான்.

இவற்றைச் சுட முடிவு செய்தோம். கனமான உருவங்களை அரைக்காய்ச்சலில் அடிப்பக்கமாகக் குடைந்து, சுவர் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெடிக்க வைப்பது உள்ளே மாட்டிய ஈரம், அது 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகிப் பிளக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது. கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சூளைக்குப் பழைய தகரப் பீப்பாய். பக்கவாட்டில் ஓட்டை போட்டு, பாகான் செராய்ப் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து வந்த உமியை ஒரு அடுக்கு, உருவங்கள் ஒரு அடுக்கு, மறுபடி உமி. மேலே தீ வைத்து மூடியைக் கொஞ்சம் திறந்து விட்டால் இரவு முழுக்கக் கனன்றுகொண்டே இறங்கும். தீயும் பீப்பாயும் பெரியவர்கள் பொறுப்பு. பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம். இந்த முறையில் 600, 700 டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தண்ணீரில் கரையாத அளவுக்கு மண் மாறிவிடும், ஆனால் தட்டினால் உடையும். முதுகுகள் கறுப்பும் சாம்பலுமாக நன்றாக வந்தன. குடையாமல் தப்பிவிட்ட ஒரு பாறை வெடித்து, அதைத் தள்ளிக்கொண்டிருந்த இருவரின் கைகளையும் கொண்டுபோனது. செய்த பிள்ளைகள் அழுதார்கள். மிச்ச உடம்பைப் பார்த்தாலே அவர்கள் எதையோ தள்ளுவது தெரிகிறது என்று மற்றவர்கள் சொன்னதும்தான் அதைக் காட்சிக்கு வைக்கச் சம்மதித்தார்கள்.

அடுத்த தவணைக்கு வங்காளச் சிற்பி ராம்கிங்கர் பேஜ். சாந்திநிகேதனில் 1938இல் அவர் செய்த, சந்தால் பழங்குடியினரைக் காட்டும் சந்தால் குடும்பம், சிமெண்டும் செம்மண் கப்பியும் கலந்து செய்தது. குழந்தையையும் சாமான்களையும் சுமந்துகொண்டு இடம் பெயரும் ஒரு குடும்பம், கூடவே அவர்கள் நாய். தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்துகொண்டு வந்த கதை எங்கள் குடியிருப்பில் பல வீட்டில் உண்டு; யார் என்ன தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டு வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். தையல் மிஷின், சாமிப் படம், அம்மிக்கல் என்று பட்டியல் வரத் தொடங்கிவிட்டது. செம்மண் கப்பி தோட்டச் சாலையிலேயே கிடைக்கும். ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும் என்பதால் கலவை போடுவது நானும் இரண்டு அப்பாக்களும். பிள்ளைகளுக்கு ரப்பர் கையுறை. கம்பிவலையும் முறுக்குக் கம்பியும் வந்து சேர்ந்துவிட்டன. முழங்கால் உயரத்துக்கு ஒரு ஆளில் தொடங்கப் போகிறோம், அம்மிக்கல் தூக்கியவரிடமிருந்து.